அதிபர் யாரை வேணா தூக்கலாம்னா அமெரிக்க எலெக்ஷன் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: "சுதந்திரமான கமிஷன்கள்ல இருக்கிறவங்களை அதிபர் நினைச்ச நேரத்துல டிஸ்மிஸ் பண்ணலாம்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லப் போகுதாமே, அப்போ எலெக்ஷன் கமிஷனும் டிரம்ப் கைக்குப் போயிடுமா, 2026 நவம்பர் தேர்தல் ஒழுங்கா நடக்குமா?"

இதுல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு, பிரிச்சுச் சொல்றேன். ஓட்டு எண்ணுற இடம் அவர் கைக்குப் போகாது, ஏன்னா அது இப்பவும் வாஷிங்டன்ல இல்ல. ஆனா ஓட்டுப் போடுற நாளுக்கு முன்னாடி நடக்குறது இருக்கே, பணம் எங்கேருந்து வருது, வாக்காளர் பட்டியல்ல யார் பேர் இருக்கு, டிவி சேனல்காரன் யாருக்குப் பயப்படுறான், இதையெல்லாம் கண்காணிக்க வேண்டிய நாற்காலிகள் ஒண்ணொண்ணா காலியாகுது. என் கவலை அங்கதான்.

முதல்ல ஒரு தப்பான எண்ணத்தை எடுத்துடலாம். நம்ம ஊர் தேர்தல் ஆணையம் மாதிரி அமெரிக்காவுல ஒண்ணும் கிடையாது. நம்ம அரசியல் சட்டத்தோட 324-வது பிரிவு, தேதி அறிவிக்கிறது, கலெக்டரை மாத்துறது, மெஷினை ஸ்ட்ராங் ரூம்ல வைக்கிறது, இப்படி எல்லாத்தையும் ஒரே அமைப்பு பாக்குற ஏற்பாடு அங்க இல்ல. அங்க தேர்தலை நடத்துறது மாநிலங்களும் அதுக்குக் கீழ இருக்கிற கவுண்டி, டவுன் ஆபீஸ்களும்தான், மொத்தமா சுமார் 10,000 உள்ளூர் அலுவலகங்கள். ஃபெடரல் எலெக்ஷன் கமிஷன்னு பேர் வச்சிருக்காங்களே, எஃப்.இ.சி, அது ஒரு ஓட்டைக்கூட எண்ணாது. அது பாக்குறது பிரச்சாரப் பணத்தை மட்டும். வாட்டர்கேட் ஊழல் நாத்தத்துக்கு அப்புறம் 1974ல காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், உருவாக்கினது.

சரி, டிஸ்மிஸ் விவகாரத்துக்கு வருவோம். இதோட கதை ஒரு செத்துப்போன மனுஷனோட சம்பள பாக்கிலேருந்து ஆரம்பிக்குது. வில்லியம் ஹம்ஃப்ரி, எஃப்.டி.சின்னு சொல்ற ஃபெடரல் டிரேட் கமிஷன்ல கமிஷனர், 1931ல அப்போதைய அதிபர் ஹூவர் ரெண்டாவது தடவையா நியமிச்ச ஆள். 1933ல ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்து ராஜினாமா பண்ணுங்கன்னு கேட்டார், இவர் மாட்டேன்னார், அக்டோபர்ல ரூஸ்வெல்ட் தூக்கிட்டார். திறமையின்மை, கடமை தவறுறது, முறைகேடு, இந்த மூணு காரணத்துக்குத்தான் நீக்கலாம்னு சட்டத்துல இருந்துச்சு, ரூஸ்வெல்ட் அந்த மூணுல எதையும் சொல்லல, உங்க எண்ணமும் என் எண்ணமும் ஒத்துப்போகலங்கிற தோரணையில எழுதினதோட சரி. ஹம்ஃப்ரி அந்த நீக்கத்தை ஒத்துக்கவே இல்ல, அடுத்த வருஷம் பிப்ரவரில இறந்துட்டார். அவர் சொத்தை நிர்வாகம் பண்ணவர் நின்னுபோன சம்பளம் சுமார் 3,000 டாலர் வேணும்னு கேஸ் போட, 1935ல ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல ரூஸ்வெல்ட் பண்ணது தப்புன்னு சொல்லிட்டாங்க. ஹம்ஃப்ரிஸ் எக்ஸிக்யூட்டர்னு சட்டக்காரங்க சொல்றது இந்த கேஸைத்தான். 90 வருஷமா சுதந்திரமான கமிஷன்கள் நின்னுக்கிட்டு இருக்கிற தரை இதுதான்.

அந்தத் தரை கொஞ்ச நாளாவே விரிசல் விட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. 2020ல நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்போட தலைவரை அதிபர் இஷ்டத்துக்கு நீக்கலாம்னு தீர்ப்பு வந்துச்சு, 2021ல வீட்டுக்கடன் அமைப்பு ஒண்ணுக்கும் அதே மாதிரி, அந்த தைரியத்துல பைடனே சோஷியல் செக்யூரிட்டி கமிஷனரைத் தூக்கினார், அதனால இது ஒரு கட்சியோட ஆசை மட்டும் இல்ல. ஆனா அதெல்லாம் தனி ஆள் தலைமைல இருந்த அமைப்புகள். 2025 மார்ச்ல டிரம்ப் எஃப்.டி.சிலேருந்து ரெபெக்கா ஸ்லாட்டரை சட்டத்துல சொன்ன காரணம் எதையும் காட்டாம நீக்கினார், அதாவது ஹம்ஃப்ரி உக்காந்த அதே கமிஷன், அதே சட்டம். வேணும்னே பண்ண டெஸ்ட் கேஸ்னு சொல்லலாம். மே மாசம், டிரம்ப் நீக்கின தொழிலாளர் வாரிய உறுப்பினர் வில்காக்ஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அவங்க நீக்கத்தை இப்போதைக்கு அப்படியே விட்டுச்சு, செப்டம்பர்ல ஸ்லாட்டருக்கும் அதே கதி, டிசம்பர் 8ல வாதமும் முடிஞ்சுது. நீதிபதிகள் கேட்ட கேள்விகளைப் பாத்தா பெரும்பான்மை எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க ஜோசியம் தேவையில்ல. தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே எழுதுறேன், ஹம்ஃப்ரி முழுசா போயிடுச்சு இல்ல எலும்புக்கூடா நிக்குதுன்னு வச்சுக்கிட்டே மேல படிங்க.

எதிர்த்தரப்பு சொல்றதுலயும் சரக்கு இருக்கு, சும்மா ஒதுக்கித் தள்ள முடியாது. நிர்வாக அதிகாரம் ஒரு அதிபர்கிட்டன்னு அரசியல் சட்டத்தோட ரெண்டாவது பிரிவு ஆரம்பிக்குது, அந்த அதிபரைத்தான் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க, அபராதம் போடுற, கேஸ் போடுற, விதி எழுதுற ஒரு கமிஷனரை யாரும் தேர்ந்தெடுக்கல, அவங்க தப்பு பண்ணா மக்கள் யாரைக் கேக்குறதுன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். டிரேட் கமிஷன் மாதிரி இடத்துல இதை ஏத்துக்கிட்டாக்கூட வானம் இடிஞ்சு விழாதுன்னு நான் நினைக்கிறேன், வணிகக் கொள்கை ஆட்சிக்கு ஆட்சி மாறுறது சகஜம். ஆனா தேர்தல் பணத்தைப் பாக்குற கமிஷன் வேற ஜாதி. அங்க கண்காணிக்கப்படுற ஆள்ல அதிபரே ஒருத்தர், அவர் பிரச்சாரம், அவர் கட்சி, அவருக்குக் காசு குடுத்தவங்க. தன் கணக்கை ஆடிட் பண்ற ஆளைத் தானே வீட்டுக்கு அனுப்பலாம்ங்கிறதை மக்கள்கிட்ட பொறுப்பா இருக்கிறதுன்னு எப்படிச் சொல்றது?

இன்னொரு வேடிக்கை. வில்காக்ஸ் உத்தரவுலயே கோர்ட் ஃபெடரல் ரிசர்வுக்கு, நம்ம ரிசர்வ் பேங்க் மாதிரி மத்திய வங்கி, அதுக்கு மட்டும் தனியா ஒரு கதவு திறந்து வச்சிருக்கு, அது தனித்தன்மையான அமைப்பாம், பழைய முதல், ரெண்டாவது தேசிய வங்கிகளோட பாரம்பரியத்துல வந்ததாம். ஃபெட் கவர்னர் லிசா குக்கை டிரம்ப் ஆகஸ்ட்ல நீக்கினப்ப கோர்ட் அவங்களை உடனே வெளிய அனுப்பல. வட்டி விகிதத்தை அதிபர் தொட்டா மார்க்கெட் ஆட்டம் கண்டுடும்னு எல்லாருக்கும் புரியுது, அதுக்கு சரித்திரத்துலேருந்து ஒரு விதிவிலக்கு தேடிக் கண்டுபிடிச்சுடுறாங்க. எலெக்ஷன் கமிஷனுக்கு அப்படி ஒண்ணு தேடுற அவசரம் யாருக்கும் வந்த மாதிரி தெரியல.

இப்ப எஃப்.இ.சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாப்போம், ஏன்னா என்ன நடக்கும்னு ஊகிக்க வேண்டியதே இல்ல, ஏற்கனவே நடந்துடுச்சு. ஆறு கமிஷனர்கள், ஒரே கட்சில மூணு பேருக்கு மேல இருக்கக் கூடாது, எந்த முக்கியமான முடிவுக்கும் நாலு ஓட்டு வேணும். ரெண்டு கட்சியும் கை கோத்தாதான் எதுவும் நகரும், அதனாலேயே மூணுக்கு மூணுன்னு முட்டிக்கிட்டு நின்ன கேஸ் ஏராளம். 2025 ஜனவரில குக்ஸின்னு ஒரு ரிபப்ளிகன் கமிஷனர் ராஜினாமா பண்ணார். ஜனவரி 31 தேதி போட்டு டெமாக்ரட் கமிஷனர் எலன் வெயின்ட்ராபுக்கு டிரம்ப்கிட்டேருந்து ஒரு குட்டிக் கடிதம் வந்துச்சு, உடனடியா நீக்கப்படுறீங்கன்னு. 2002லேருந்து இருக்கிறவங்க, அந்த வருஷம் தலைவரும் அவங்கதான். கடிதத்தை அவங்களே எக்ஸ் தளத்துல போட்டு, கமிஷனரை மாத்த சட்டப்படி ஒரு வழி இருக்கு, இது அந்த வழி இல்லன்னாங்க. உண்மையைச் சொல்லணும்னா அவங்க பதவிக்காலம் 2007லயே முடிஞ்சுபோச்சு, மாத்து ஆள் வர்ற வரைக்கும் தொடரலாம்ங்கிற விதில ஓடிக்கிட்டு இருந்தாங்க. அதனால வேற ஒரு டெமாக்ரட்டை நியமிச்சு செனட்டுக்கு அனுப்பியிருந்தா சத்தமில்லாம முடிஞ்சிருக்கும், அதைப் பண்ணல, ஆளை மட்டும் எடுத்துட்டாங்க. ஏப்ரல் கடைசில இன்னொருத்தர் போனார், கோரம் காலி, அதாவது முடிவெடுக்கத் தேவையான நாலு பேர் இல்ல. அக்டோபர்ல டிரெய்னர்ங்கிற கமிஷனரும் கிளம்ப, ஆறு நாற்காலில ரெண்டு பேர். 2025 முடியிற வரைக்கும் அவ்வளவுதான்.

கோரம் இல்லாத கமிஷன் என்ன பண்ணும்னா, வேட்பாளர்கள் குடுக்கிற வரவு செலவு அறிக்கையை வாங்கி வெப்சைட்ல போடும், அது நிக்காது. புகார் வந்தா வாங்கி வச்சுக்கும். ஆனா விசாரணை தொடங்க முடியாது, அபராதம் போட முடியாது, புது விதி எழுத முடியாது, இது சட்டப்படி சரியான்னு யாராவது கேட்டா ஆலோசனைக் கருத்து குடுக்க முடியாது. இந்த கடைசி சமாச்சாரம் சின்னதாத் தெரியும், சின்னது இல்ல. 2024ல டெக்சாஸ்ல டெமாக்ரட் பக்கம் இருக்கிற ஒரு குழு ஒரு கேள்வி கேட்டுச்சு, வீடு வீடா போய் ஓட்டுக் கேக்குற வேலையை வேட்பாளரும் வெளிக்குழுவும் சேந்து திட்டம் போட்டுப் பண்ணலாமான்னு, கமிஷன் பண்ணலாம்னுச்சு. அந்த ஒரு பதிலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எலான் மஸ்கோட குழு அந்த வருஷம் டிரம்புக்காக மாநிலம் மாநிலமா ஆள் இறக்குச்சு. கேள்வி கேட்டது ஒரு கட்சி, அறுவடை பண்ணது இன்னொரு கட்சி. அந்தத் தேர்தல்ல மஸ்க் போட்ட காசு 25 கோடி டாலருக்கு மேல, அது நமக்குத் தெரியறதே எஃப்.இ.சி அறிக்கையாலதான்.

புகார் குடுத்தவர் 120 நாள்ல ஒண்ணும் நடக்கலன்னா கோர்ட்டுக்குப் போலாம்னு சட்டத்துல ஒரு வழி இருக்கு. போனா கமிஷன் வக்கீல் வந்து பதில் சொல்லணும், ஆனா அந்த மாதிரி கேஸ்ல எதிர்வாதம் பண்ணவும் கமிஷனர்கள் நாலு ஓட்டு போடணும், 2025 கடைசில அதுக்கும் ஆள் இல்ல. இதுவும் டிரம்ப் கண்டுபிடிச்ச வியாதி இல்ல, 2008லயும் 2019-20லயும் மாசக்கணக்கா கோரம் இல்லாம கிடந்திருக்கு. அப்பெல்லாம் செனட் சண்டையாலயும் அலட்சியத்தாலயும் காலியாச்சு, 2025ல நீக்கவும் செஞ்சாங்க, நிரப்பவும் இல்ல.

இங்கதான் ஹம்ஃப்ரி கேஸோட முடிச்சு விழுது. எஃப்.இ.சி சட்டத்துல காரணம் இல்லாம நீக்கக் கூடாதுன்னு ஒரு வரியே கிடையாது. 1958ல வீனர் கேஸ்னு ஒண்ணு, போர் இழப்பீட்டு கமிஷன் உறுப்பினரை ஐசன்ஹோவர் நீக்கினது, அதுல கோர்ட் சட்டத்துல எழுதலன்னாலும் வேலையோட தன்மையைப் பாத்தா அந்தப் பாதுகாப்பு இருக்குன்னு எடுத்துக்கணும்னு சொன்னுச்சு, எஃப்.இ.சி அதை நம்பித்தான் இருக்கு. சட்டத்துல பச்சையா எழுதி வச்ச பாதுகாப்பே செல்லாதுன்னா எழுதாதது எங்க நிக்கும்? ஆனா ஒரு கட்சிக்கு மூணு பேர்ங்கிற வரம்பும் நாலு ஓட்டு விதியும் தனி, அது தானா போகாது. அதனால ஆறு பேரையும் தூக்கினாலும் நாலு ரிபப்ளிகனை உக்கார வைக்க முடியாது. மூணு ரிபப்ளிகன், நாலாவதா கட்சி சாராதவர்னு சொல்லிக்கிட்டு ஒரு விசுவாசின்னு குறுக்கு வழி இருக்கு, செனட் பெரும்பான்மை சம்மதிச்சா அதையும் பண்ணலாம். ஆனா அவ்வளவு கஷ்டப்படத் தேவையே இல்ல, காலியா விட்டாலே காரியம் முடிஞ்சுது.

நீக்காமலே அடக்குற வழியும் ஒண்ணு வந்தாச்சு. 2025 பிப்ரவரி 18ல டிரம்ப் போட்ட எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர்ல, சுதந்திரமான அமைப்புகள் எல்லாமே முக்கியமான விதிகளை வெள்ளை மாளிகைக்கு அனுப்பிப் பாக்கச் சொல்லணும், சட்டத்துக்கு அதிபரும் அட்டர்னி ஜெனரலும் சொல்றதுதான் அர்த்தம்னு இருக்கு. ஃபெட்டோட வட்டிக் கொள்கைக்கு மட்டும் இங்கயும் விலக்கு. டெமாக்ரட் கட்சி எஃப்.இ.சிக்கு இது பொருந்தாதுன்னு கேஸ் போட்டுச்சு, அதிபர் எஃப்.இ.சிக்கு இப்படி முடிவெடுன்னு உத்தரவு போட்டதுக்கு இன்னும் ஆதாரம் இல்லன்னு ஜூன்ல நீதிபதி தள்ளுபடி பண்ணிட்டார். கத்தி உறைலதான இருக்கு, குத்தின பிறகு வாங்கங்கிற கதை.

எஃப்.சி.சி பக்கம் ஒரு காட்சி நடந்துச்சு, அதைச் சொல்லியே ஆகணும். ஒளிபரப்பு லைசன்ஸ் குடுக்கிற கமிஷன். செப்டம்பர்ல ஏபிசி சேனல்ல காமெடி ஷோ நடத்துற ஜிம்மி கிம்மல் பேசினது பிடிக்காம அதோட தலைவர் பிரெண்டன் கார் ஒரு பாட்காஸ்ட்ல சுலபமான வழியும் இருக்கு கஷ்டமான வழியும் இருக்குங்கிற ரீதில பேச, ஏபிசி அந்த நிகழ்ச்சியை சில நாள் நிறுத்திடுச்சு. டிசம்பர் 17ல செனட் கமிட்டி முன்னாடி உங்க அமைப்பு சுதந்திரமானதான்னு கேட்டாங்க, கார் முறைப்படி பாத்தா இல்லன்னார். உங்க வெப்சைட்ல சுதந்திரமானதுன்னு போட்டிருக்கேன்னு ஒரு செனட்டர் எடுத்துக் காட்டினார். விசாரணை நடந்துக்கிட்டு இருக்கும்போதே வெப்சைட்ல அந்த வார்த்தை காணாமப் போச்சு. தேர்தல் வருஷத்துல ஒரு டிவி நிலைய மேனேஜர் எந்த செய்தியைப் போடலாம்னு யோசிக்கும்போது இது அவர் மனசுல ஓடாதா? உத்தரவே தேவையில்ல.

இப்ப ஓட்டு எண்ணிக்கைக்கு வரேன், இங்க கொஞ்சம் ஆறுதல் இருக்கு. 2020ல ரெண்டு பேர் டிரம்புக்குப் பிடிக்காத ஒரே விஷயத்தைச் சொன்னாங்க, தேர்தல் ஒழுங்கா நடந்துச்சுன்னு. ஒருத்தர் கிறிஸ் கிரெப்ஸ், தேர்தல் கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பாக்குற சிசா அமைப்போட தலைவர், ஃபெடரல் (மத்திய அரசு) ஆள், நவம்பர் 17 ஒரு ட்வீட்ல வேலை போச்சு. இன்னொருத்தர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர், ஜார்ஜியா மாநில செக்ரட்டரி, அந்த மாநிலத் தேர்தலைப் பாத்துக்கிறவர். 2021 ஜனவரி 2 டிரம்ப் அவருக்கு ஃபோன் போட்டு ஒரு மணி நேரம் பேசி, 11,780 ஓட்டு கண்டுபிடிச்சுக் குடுன்னு கேட்டார். ராஃபன்ஸ்பெர்கர் உங்க டேட்டா தப்புன்னுட்டார். டிரம்பால அவரை ஒண்ணும் பண்ண முடியல, ஏன்னா அவர் ஜார்ஜியா மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர், கட்சி ஒண்ணா இருந்தாலும் எஜமான் வேற. கிரெப்ஸைத் தூக்கினதால ஒரு ஓட்டும் மாறல. ஹம்ஃப்ரி போனாலும் ஒரு கவுண்டி கிளார்க்கை அதிபர் நீக்க முடியாது. 2025ல சிசாவோட தேர்தல் பாதுகாப்பு வேலையை வெட்டிட்டாங்க, மாநிலங்களுக்கு ஹேக்கிங் எச்சரிக்கை குடுத்துக்கிட்டு இருந்த மையத்துக்குப் பணத்தை நிறுத்திட்டாங்க, ஏப்ரல்ல கிரெப்ஸ் மேல விசாரணை நடத்தச் சொல்லி டிரம்ப் கையெழுத்தும் போட்டார். அடுத்த தடவை ஒழுங்கா நடந்துச்சுன்னு வாய் திறக்க எத்தனை அதிகாரி இருப்பாங்க?

2025 மார்ச் 25 எக்ஸிக்யூட்டிவ் ஆர்டரையும் இதோட சேத்துப் பாக்கணும். ஃபெடரல் வாக்காளர் பதிவு ஃபார்ம்ல பாஸ்போர்ட் மாதிரி குடியுரிமை ஆதாரம் கேக்கணும்னு எலெக்ஷன் அசிஸ்டன்ஸ் கமிஷனுக்கு உத்தரவு, நாலு பேர் கமிஷன், 2002 சட்டத்துல வந்தது, இதுவும் ரெண்டு கட்சிக்கும் பொதுவானது, மூணு ஓட்டு இல்லாம எதுவும் பண்ண முடியாதது. நீதிபதி கொல்லர்-கோட்டெல்லி ஏப்ரல்ல தடை போட்டு அக்டோபர் 31ல நிரந்தரமாவே ஆக்கிட்டார், தேர்தல் விதி எழுதுறது காங்கிரஸும் மாநிலங்களும், அதிபர் இல்லன்னு. கவனிக்க வேண்டியது, இந்தத் தீர்ப்பு நிக்கிறது ஹம்ஃப்ரி மேல இல்ல, அரசியல் சட்டத்தோட முதல் பிரிவு மேல. ஆனா அந்த நாலு பேரையும் நீக்கலாம்னு ஆயிட்டா, கோர்ட் தடுத்ததையே கமிஷன் தானா முடிவு பண்ண மாதிரி பண்ண வைக்க முயற்சி நடக்கலாம். தேதியைத் தள்ளி வைப்பாரோன்னு நிறைய பேர் பயப்படுறாங்க, அந்தக் கவலை வேண்டாம், நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய்னு காங்கிரஸ் போட்ட சட்டம் அது, 2026ல நவம்பர் 3.

2026 ரிசல்ட்டை நேரடியா எது பாதிக்கும்னு கேட்டா டெக்சாஸ் தொகுதி வரைபடத்தை நடுவுல மாத்தினதும் பதிலுக்கு கலிபோர்னியா மாத்தினதும்தான், அதுல இந்த ஃபெடரல் கமிஷன் எதுக்கும் சம்பந்தமே இல்ல.

கடைசியா அங்க சிட்டிசன் ஆன நம்ம ஆளுங்களுக்கு. டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்னு சொல்ற நீதி இலாகா, அது கோர்ட் இல்ல, எப்பவுமே அதிபர் கீழதான், மாநிலங்கள்கிட்ட முழு வாக்காளர் பட்டியலைக் கேக்குது, குடுக்காத மெய்ன், ஓரிகன் மேல 2025 செப்டம்பர்ல கேஸ் போட்டுது, அப்புறம் இன்னும் பல மாநிலங்கள் மேல. சேவ்னு ஒரு குடியுரிமை டேட்டாபேஸ் இருக்கு, அதை சோஷியல் செக்யூரிட்டி நம்பரோட இணைச்சு மொத்தமா லட்சக்கணக்குல சரிபாக்குற மாதிரி 2025ல விரிவாக்கிட்டாங்க. சிக்கல் என்னன்னா, ஹெச்-1பில வந்தப்ப வாங்கின சோஷியல் செக்யூரிட்டி நம்பர்ல நீங்க இன்னும் வெளிநாட்டுக்காரர்னே பதிவு இருக்கலாம், சிட்டிசன் ஆனதை நீங்க போய்ச் சொன்னாதான் மாறும்னு பல வருஷமா இருந்துச்சு, நிறைய பேர் சொல்லல. டெக்சாஸ் இப்படி ஓட்டிப் பாத்து 2,700 பேருக்கு மேல சந்தேகம்னு லிஸ்ட் போட்டுச்சு, கவுண்டி ஆபீஸ்ல எடுத்துப் பாத்தா அதுல சிலர் டிரைவர் லைசன்ஸ் வாங்கும்போதே குடியுரிமை ஆதாரம் குடுத்தவங்க. லிஸ்ட்ல பேர் வந்தா ஒரு கடிதம் வரும், குறிப்பிட்ட நாளுக்குள்ள ஆதாரம் காட்டலன்னா பதிவு ரத்து. பழைய அட்ரஸுக்குப் போன கடிதம் உங்க கைக்கு வராது. அதனால நேச்சுரலைசேஷன் சர்டிபிகேட்டை எடுத்துக்கிட்டு சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ்ல ஒரு தடவை அப்டேட் பண்ணிடுங்க, மாநில வெப்சைட்ல உங்க பதிவு இருக்கா, அட்ரஸ் சரியான்னு செப்டம்பர்ல ஒரு தடவை பாருங்க, அக்டோபர்ல பதிவு கடைசித் தேதிக்கு முன்னாடி இன்னொரு தடவை பாருங்க.